அக்கா சேர்த்த போர் இதழ்கள்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்த உங்கள் கைகளுக்கு இந்த நினைவு மலர் வரும் வேளையில், தம்பி என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

அக்கா பருத்தித்துறையில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் தந்தையார் காலமானபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அதோடு படிப்பை விட்டுத் தையல் மெஷினில் அமர்ந்தார். எங்கள் மூவரையும் படிக்கவைத்தது அந்த மெஷின்தான். திருமணமாகி இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாயான பின், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு அத்தானுடன் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தார். பின்னால் வந்த நானும் அந்நகரின் ஒரேத்தோ தெருவில் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன்.

அக்கா ஒரு விதவையின் வீட்டில் வேலை செய்தார்; அவரை அம்மையார் என்ற பொருளில் சிஞ்ஞோரா என்றே அழைப்போம். அந்த அம்மையாரின் கணவர் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போர் பற்றிய பழைய பட வார இதழ்களைச் சேர்த்து வைத்திருந்தவர். ஒருநாள் சிஞ்ஞோரா அவற்றைக் குப்பையில் போடச் சொன்னார். அக்கா கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

“தம்பி, இதைப் பார். சனம் மெத்தையைத் தலையிலை தூக்கிக்கொண்டு போகுது. எங்கடை சனம் ஓடின கொடிகாமம் றோட்டு மாதிரிக் கிடக்கு” என்று ஒரு படத்தைக் காட்டினார்.

அன்றிலிருந்து படங்களின் கீழே இருப்பதை அகராதி வைத்து வாசிக்கத் தொடங்கினார். சந்தைக்குப் போய்த் தக்காளி விலை கேட்கத் தெரியுமுன்பே அவருக்குப் பின்வாங்கல், முற்றுகை என்பவற்றுக்கு இத்தாலியச் சொற்கள் தெரியும். ஞாயிறுகளில் பழைய சாமான் சந்தையில் விடுபட்ட இதழ்களைத் தேடினார். ஈரம் பிடிக்காமல் பொலித்தீனில் சுற்றி, வார ஒழுங்கில் கட்டிலின் கீழே அடுக்கினார்.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. “எங்கடை சண்டை காணாதெண்டோ மற்றவையின்ரை சண்டையையும் வீட்டுக்குள்ளை அடுக்கிறாய்?”

“இது முடிஞ்ச சண்டையப்பா. எங்கடை எப்ப முடியுமெண்டு ஆருக்கும் தெரியாது. இதிலை கடைசிப் புத்தகம் எண்டு ஒண்டு இருக்கு. அதிலை சனம் வீட்டை போறதைப் பார்க்கவேணும்.”

அந்நாட்களில் அவர்களுக்குள் பெரிய பிணக்கொன்றும் இருந்தது. இருவருக்கும் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கிடைத்திருந்தது. பிள்ளைகளை அழைப்போம் என்று அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா மறுத்தார். “கொஞ்சம் பொறுங்கோ. சண்டை முடிஞ்சா நாங்களே போறம். அதுகளை ஏன் இஞ்சை கொண்டந்து குழப்புவான்?”

கடைசி இதழ் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு முதியவரிடம் இருக்கும் என்று சந்தை வியாபாரி சொன்னார். நானும் அக்காவும் ரயிலில் போனோம். வாலிப வயதில் இத்தாலியப் படையோடு ஸ்பெயினுக்குப் போய்ச் சண்டை பிடித்தவர் அந்த முதியவர். காப்பி ஊற்றித் தந்து, இதழையும் எடுத்து வந்தார்.

அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினார். அணிவகுப்பு, கொடிகள், தளபதிகள். மீண்டும் முதலிலிருந்து பார்த்தார்.

“சனங்கள் எங்கே? வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள்?” என்று இத்தாலியனில் கேட்டார்.

“வென்றவர்கள் போனார்கள், சிஞ்ஞோரா. தோற்றவர்களில் பலர் எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போனார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். கிழவர்களாகும்வரை திரும்பாதவர்களும் உண்டு” என்றார் அவர். பிறகு, “நான் திரும்பி வந்தேன். ஆனால் அங்கே கண்டதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை” என்றார்.

இதழை அக்காவுக்கே கொடுத்தார். ரயிலில் அக்கா அதை விரிக்கவில்லை. இறங்கும் நேரத்தில் சொன்னார்.

“தம்பி, நாளைக்கு வேலைக்கு வரமாட்டன் எண்டு சிஞ்ஞோராட்டைச் சொல்லிவிடு. நான் அத்தானோடை குவெஸ்தூராவுக்குப் போறன்.”

“ஏனக்கா?”

“பிள்ளையளை எடுக்கப்போறன்.”

பிள்ளைகளை வரவழைக்கும் அனுமதிக்காக, குவெஸ்தூரா என்ற காவல்துறை அலுவலக வரிசையில் இருவரும் பல காலைகள் நின்றார்கள். அடுத்த வருடம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சின்னவளுக்குத் தாயின் முகம் நினைவில்லை. விமான நிலையத்தில் அக்காவைப் பார்த்து, “வணக்கம் அன்ரி” என்றாள். அக்கா குனிந்து, “ஓம் பிள்ளை. வா, முதலிலை சாப்பிடுவம்” என்றார். அவள் “அம்மா” என்று கூப்பிடும்வரை அக்கா ஒருநாளும் திருத்தவில்லை.

அவர்கள் வந்து சில மாதங்களில் படை நெருங்கியதால் யாழ்ப்பாண நகரத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டு நடந்தது. அப்போது நகரில் வசித்த அம்மா சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரியவரும்வரை அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. வேலையால் வந்ததும் பிள்ளைகள் படுத்திருக்கும் அறையை எட்டிப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். பகேரியாவுக்குப் பின் அவர் புதிய இதழ் எதுவும் வாங்கவில்லை. இருந்ததை எறியவுமில்லை.

சில வருடங்களில் அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. வலியைப் பற்றி அதிகம் பேசமாட்டார். மூத்தவளின் பள்ளிச் சோதனை முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடப் பார்த்தார். அத்தான் அதற்கு மட்டும் இணங்கவில்லை. இரு பிள்ளைகளும் கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார்.

சமைத்து அனுப்பிய ஒரேத்தோ வீடுகளுக்கும், பகேரியாவிலிருந்து பூக்களோடு வந்து கடைசி வரிசையில் நின்ற அந்த முதியவருக்கும், ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் கிரியை செய்ய வலைகளை ஒதுக்கி இடம் தந்த மீனவர்களுக்கும் எங்கள் நன்றி. சிஞ்ஞோராவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசி மாதத்தில் அவர் ஊன்றுகோலுடன் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவின் தலைமாட்டில் அமர்ந்து, சூப்பை ஊதி ஊதி ஆற்றி, கரண்டி கரண்டியாக ஊட்டினார். “நீங்கள் ஏன் சிஞ்ஞோரா?” என்று அக்கா தடுத்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “பேசாமல் வாயைத் திற, மகளே.”