கத்திரி வெயிலில் அடைவைத்த செவலை

இருங்காட்டுக்கோட்டையில் இன்றைக்கு ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் ஏகப்பட்ட பேர். அந்தப் பொட்டல் மேட்டில் முதல் ரூம் கட்டியவன் நான். செங்கல் சுமந்ததும் நான், கொத்தனாருக்குக் கலவை போட்டதும் நான். எட்டாவது ஃபெயிலுக்கு லோன் கிடையாது என்று பேங்கில் சொன்னார்கள். லோன் இல்லாமலே கட்டினேன். ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போக வேன் விட்டேன். முதல் வேன் ஏரிக்கரையில் கவிழ்ந்தது, இரண்டாவது விட்டேன். பாறைதான் இருக்கிறது என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். பென்னலூரில் இருக்கிற என் நாட்டுக்கோழிப் பண்ணைக்கு மறைமலை நகரிலிருந்துகூட ஆள் வருகிறது. இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு மூங்கில் கூடை, ஒரு செவலைக் கோழி. என் பிள்ளைகளுக்கு இது சரியாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்தக் கோடையில் எங்கள் பக்கம் நடந்த பெரிய விஷயம் நாட்டுக்கே தெரியும். அதை எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். என் கதை எங்கள் வீட்டுக்குப் பின்னால், சிமெண்டு ஷீட் போட்ட சாய்ப்பில் நடந்தது.

கத்திரி பிறந்த நேரம் பார்த்துச் செவலை அடைக்கு உட்கார்ந்தது. தவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக்கொண்டு, கிட்டே போனால் சிலிர்த்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. புதிதாகக் கல்யாணமான மாமன், பொண்டாட்டியோடு வைகாசி நடுவில் விருந்துக்கு வருவதாக இருந்தார். குழம்புக்கு அம்மா மனசில் வைத்திருந்தது செவலையைத்தான். அடையில் உட்கார்ந்த கோழியை எங்கள் வீட்டில் அறுக்க மாட்டார்கள். ஆகவே தண்ணீரில் முக்கி அடையைத் தெளியவைத்துவிட வேண்டும் என்றாள். நான் கோழியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கவைக்கிறேன் என்று நின்றேன்.

"கத்திரியில எவனாச்சும் அடை வைப்பானாடா? அத்தினியும் கூழாப் போவும்."

நான் அசையவில்லை. சாப்பிடவும் வரவில்லை. கடைசியில் அம்மாதான் இறங்கிவந்தாள்.

"சரி, வச்சித் தொலை. பொரிச்சா கோழி உன்னுது. கூழாப் போச்சின்னா மாமனுக்குக் கொழம்பு. அப்பறம் மூஞ்சிய தூக்கினு நிக்கக்கூடாது."

கூடையில் ஏரி மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, ஒற்றைப்படையாகப் பதினோரு முட்டை வைத்தேன். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும். அதற்குக் காவலாகக் கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இரும்பு மூன்றையும் கூடையில் போடுவது வழக்கம். மற்ற வீடுகளில் ஒரு ஆணியோடு முடித்துக்கொள்வார்கள். நான் வைத்தது, அப்பா வேலை பார்த்த கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு போல்ட்டு. என் முழங்கை நீளம் இருக்கும். அப்பா குனிந்து பார்த்தார். "இடி எதுக்குடா? இந்த போல்ட்டு உருண்டாலே எல்லாம் ஆம்லெட்டுதான்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் வீட்டில் அத்தையும் இருந்தாள், அப்பாவின் தங்கை. காஞ்சிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பொங்கலுக்கு முன்பே டிரங்குப் பெட்டியோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கேட்டபோது, லீவுக்கு வந்திருக்கிறாள் என்றார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தைவிட அத்தை ஊரில் லீவு அதிகம் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

காலையில் எழுந்ததும் அடிபம்பில் தண்ணீர் அடித்துக் கோணியை நனைத்துக் கூடையைச் சுற்றிக் கட்டுவேன். செவலையை வெளியே விட்டுத் தீனி காட்டி மறுபடி உட்காரவைப்பேன். பத்து மணிக்குமேல் பெங்களூர் ரோட்டுக்கு ஓட வேண்டும், பஸ் ஜன்னல்களில் வெள்ளரிப் பிஞ்சு விற்க. நான் இல்லாத நேரத்தில் கோழி முட்டையை விட்டு எழுந்துவிடக் கூடாது, நாயும் நெருங்கக் கூடாது. அதற்காக இன்னொரு கூடையை மேலே கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்கல் குழவியை ஏற்றிவைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கூடை, குழவி எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். உள்ளே மணலில் கைவைத்தால் சில்லென்றிருக்கும். பம்புத் தண்ணீரே அனலாக வந்த அந்த நாட்களில், காலையில் நனைத்த கோணி சாயங்காலம்வரை ஈரம் காத்தது. என் கைராசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. நிரப்பிவைத்த குடம் மத்தியானத்துக்குள் பாதியாகிறது, யார் கொட்டுவது என்று என்னைப் பிடித்தாள். அத்தைதான் குறுக்கே வந்து, "வெயிலுக்கு நாந்தான் அண்ணி குடிச்சிட்டேன்" என்றாள். அவ்வளவு தண்ணீர் குடிக்கிற மனுஷியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாய்ப்பில் பட்டென்று ஒரு சத்தம். ஒரு முட்டை வெடித்திருந்தது. நாற்றம் வீடு முழுக்க வந்தது. நான் ஓடிப்போய் அதை மணலோடு அள்ளி வெளியே கொட்டிவிட்டு வந்தேன். அம்மா சோறு பிசைந்தபடியே சொன்னாள்: "மீதியும் இப்டிதான் போவும். உக்காந்து உக்காந்து எந்திரிக்கிற கோழிய வூட்ல வச்சினு இன்னா பண்றது? பொரிக்காததுக்குத் தீனி தெண்டம்."

அத்தை தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவப் போனாள். அப்பா அம்மாவை முறைத்தார். அம்மா பிறகு தலை நிமிரவேயில்லை. முட்டை நாற்றம் தாங்காமல்தான் அத்தை எழுந்துவிட்டாள் என்று எனக்கு அவமானமாக இருந்தது. பின்னாலேயே போய், மற்றது எதுவும் வெடிக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அத்தை ஈரக் கையை என் தலையில் வைத்தாள்.

கத்திரி முடிகிற சமயம் ஒரு சாயங்காலம் வானம் கறுத்து, மழை இல்லாமல் வெறும் இடி இடித்தது. ஷீட் அதிர்ந்தது. கூடைக்குள் கையை விட்டு அந்தப் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு, இடி ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். செவலை என் மணிக்கட்டைக் கொத்திக்கொண்டேயிருந்தது.

மாமன் வந்து இறங்கின காலையில் ஓடு கீறியது. மத்தியானத்துக்குள் ஏழு குஞ்சு. அம்மா கருவாட்டை எடுத்து ஊறப்போட்டாள். "விருந்துன்னு கூப்ட்டு கோழிக்குப் பிரசவம் பாக்க வுட்டுட்டியேக்கா" என்று மாமன் கருவாட்டுக் குழம்பையே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அத்தை சாய்ப்பிலேயே உட்கார்ந்து குஞ்சுகளை முந்தானையில் ஏந்திக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதும் வந்தாள். அன்றைக்குத் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

ஏழு குஞ்சில் ஐந்து பெட்டை. அதிலிருந்து வளர்ந்ததுதான் எல்லாம்.

பல வருஷம் கழித்துப் பண்ணைக்கு முதல் கொட்டகை போட்டேன். அந்தக் கோடையில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் சாய்ந்தன. நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி வெயிலை மறைத்திருந்தேன், இருந்தும் விழுந்தன. அத்தை வந்தாள். தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டினாள். குடத்தைச் சாய்த்து, விரல் இடுக்கு வழியாகத் தண்ணீரை மணலில் மட்டும் விட்டாள். முட்டை இருக்கிற இடம் பார்த்து ஒதுக்கி விடுகிற பழக்கம் அந்தக் கையில் இருந்தது.

"அப்பவும் இப்டிதான் மூடி வச்சிட்டுப் போவ. தெனம் அந்தக் கொழவிய எறக்கி, செவல வெளிய காத்து வாங்கினு வர வரைக்கும் ஒக்காந்திருப்பேன். நீ வர்றதுக்குள்ள மறுபடி ஏத்தி வைக்கணும். இடுப்பே போச்சுடா" என்றாள்.

அப்போதுதான் குடத்துத் தண்ணீர் எங்கே போனது என்று தெரிந்தது. லீவு என்று எனக்குச் சொன்னது, பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பியதை என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்துபோனது முட்டை நாற்றத்தால் இல்லை என்பது அன்றைக்கு, அந்தக் கொட்டகையில்தான் உறைத்தது.

இப்போது என் மகன் பண்ணைக்குப் புதுப் பலகை எழுதுகிறான், அத்தை பேரில். எழுதட்டும், பெரிதாகவே எழுதட்டும், எனக்கு மனப்பூர்வமான சம்மதம். ஆனால் அத்தனை இடியிலும் அந்த ஏழும் கலங்காமல் நின்றன. கூடையில் இரும்பு வைத்தவன் நான். பலகையின் அடியில் சின்ன எழுத்திலாவது அது வர வேண்டும்.