பிரன்ஸ்விக்கில் கேட்ட மேசை

இந்தக் கொப்பியை மாறி மாறி வாசிக்கப்போகும் நீங்கள் மூன்று பேரும் என்றைக்காவது பிரன்ஸ்விக் பக்கம் போக ஆசைப்படுவீர்கள். அதனால் போன வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன். அம்மாமாருக்குக் காட்ட வேண்டாம். போன சனிக்கிழமை நான் நகர நூலகத்தில் இருந்ததாகத்தான் எங்கள் வீட்டில் இன்னும் நினைக்கிறார்கள். போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுவதால் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை நின்றால் நானும் நிறுத்திவிடுவேன்.

போனதற்குக் காரணம் ஒரு குண்டூசி. எங்கள் சரித்திர வகுப்புச் சுவரில் ஐரோப்பாவின் பெரிய வரைபடம் தொங்குகிறது. கோத், வண்டல், கெல்ட், சாக்சன் என்று பழைய இனக்குழுக்கள் எங்கிருந்து எங்கே நடந்துபோயின என்பதற்கு அதில் சிவப்பு அம்புகள். ஒவ்வொருத்தியும் வீட்டில் பேசும் ஒரு சொல்லைக் கடதாசியில் எழுதி, அது பிறந்த இடத்தில் குத்த வேண்டும் என்றார் ஆசிரியை. அவர் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தவர். யாழ்ப்பாணம் அந்த வரைபடத்தில் இல்லாததால் என்னிடம் வந்து, "நீ விரும்பினால் கடலுக்கு நிறம் தீட்டலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் வகுப்பு முழுவதற்கும் ஊசி, எனக்கு மட்டும் நீலப் பென்சில்.

என் பக்கத்துக் கதிரையில் இருப்பவள் எலெனி. கிரேக்கப் பிள்ளை. (நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

"சனிக்கிழமை எங்கட வீட்டை வா. கிரேக்கத்தில உனக்கும் ஒரு சொல் பிடிச்சுத் தாறன்" என்றாள்.

கிளேட்டனில் காலை ஒன்பது பன்னிரண்டுக்கு ரயில். நகரத்துக்கும் திரும்பி வரவும் சேர்த்து எனக்கு நாற்பது சதம். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், முப்பத்தெட்டு நிமிடம். வீதிப் பலகைகள் எல்லாம் இப்போதுதான் கிலோமீட்டருக்கு மாறுகின்றன, அப்பா பன்னிரண்டு மைல் என்றுதான் சொல்வார். ஆகஸ்ட் குளிருக்குள் சிலர் ரயில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே வருவார்கள். உள்பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். ஃபிளிண்டர்ஸ் வீதி நிலையத்தில் இறங்கினால் எலிசபெத் வீதி முனையில் ட்ராம் நிற்கும். பத்துச் சதம், இருபத்தைந்து நிமிடம். அது சிட்னி ரோட் வழியாகப் போகும்.

கண்டக்டரிடம் பிரன்ஸ்விக் என்றேன். "இறங்காமல் இருந்தால் சிட்னிக்கே போகலாம்" என்றார். நான் பயந்துபோய் எழும்பிவிட்டேன். அவர் வீதியின் பெயரை வைத்துப் பகிடிவிட்டது பக்கத்திலிருந்த கிழவி சிரித்தபிறகுதான் விளங்கியது.

எலெனி தரிப்பிடத்தில் நின்றாள். அங்கிருந்து அவள் வீடு நான்கு நிமிட நடை. அவளுடைய அம்மா மாவுக் கையோடு குசினியிலிருந்து வந்து கதவைத் திறந்தா. பிட்டா செய்திருப்பதாகச் சொன்னதும் நான் சந்தோஷப்பட்டேன், பிட்டு என்று நினைத்து. வந்தது கீரையும் வெண்காயமும் வைத்துச் சுட்ட ஒரு வட்டப் பண்டம். நல்ல ருசி. இறைச்சி இல்லை, கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன். இப்படி ஒருதரம் ஏமாந்திருந்ததால், அடுத்த தடவை காதை நம்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா எலெனியிடம் வேகமாக ஏதோ சொன்னா. அதற்குள் ஒரு சொல். மேசை என்பதை இழுத்துச் சொன்னதுபோல, "மெயாஸ". எலெனி போய் மேசையைத் துடைத்தாள்.

"இதை நாங்களும் மேசை எண்டுதான் சொல்லுறனாங்கள்" என்றேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. எலெனி சொன்னதும் மேசையில் கையை வைத்து, "மெயாஸ?" என்று கேட்டா. நானும் கையை வைத்து, "மேசை." இருவரும் சிரித்துக்கொண்டே நாலைந்து தரம் சொல்லிவிட்டோம். தமிழ்ச் சொல் ஒன்று எப்படியோ கிரேக்க மலைக்குப் போய்விட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடைகள் பூட்டும், கடையில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்பதை நான் மறந்துபோனேன். பின்வாசலில் எலெனியின் அப்பா நின்றார். கையில் ஒரு பெட்டி தோடம்பழம்.

"இந்த வீட்டில் இது திராபெசி" என்றார், ஆங்கிலத்தில், என்னைப் பார்த்து. கிரேக்கத்தில் மேசைக்கு அதுதான் சொல். சத்தம் போடவில்லை. அம்மா கையை எடுத்துவிட்டா.

ட்ராமுக்கு நடக்கும்போது எலெனி சொன்னாள். அவர்கள் விலாக் ஆட்கள். வட கிரேக்கத்து மலைகளில் ஆடு மேய்த்தவர்கள், பேச்சு லத்தீனிலிருந்து வந்தது. ஊர்ப் பள்ளியில் அந்தப் பேச்சுக்கு அடி விழுந்ததாம். கிரேக்கர் வாயில் விலாக் என்றால் பட்டிக்காட்டான் என்றும் அர்த்தம். அவளுடைய அப்பா வேலை செய்வது எங்கள் வகுப்பில் இருக்கும் இன்னொரு கிரேக்கப் பிள்ளை சோஃபியாவின் தகப்பனுடைய பழக்கடையில். விலாக் என்று தெரியாமலிருக்க, அங்கே சமவெளிப் பட்டணம் ஒன்றைத் தன் ஊர் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

"பள்ளியில சொல்லிப்போடாதை. அப்பாவுக்குத் தெரிஞ்சால் உன்னோட கதைக்கவே விடமாட்டார்."

"சொல்லமாட்டன்."

மூன்று ஐம்பதுக்கு வீட்டில் இருந்தேன். இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் மெல்லக் கேட்டேன், மேசை தமிழ்தானே என்று.

"எங்கட இல்லைப் பிள்ளை. பறங்கியன் கப்பல்ல கொண்டுவந்தது. கதிரை, குசினி, அலுமாரி எல்லாம் அவன்ர. போர்த்துக்கீசருக்கு லத்தீனில இருந்து வந்தது."

"ஓம், நூலகத்தில வாசிச்சனான்" என்றேன். அப்பா என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

அன்றிரவு நான் யோசித்தது இதுதான். ஒரே சொல் லத்தீனிலிருந்து புறப்பட்டிருக்கிறது. ஒருபக்கம் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்தது, மறுபக்கம் மலையேறி ஆட்டு மந்தையோடு நடந்தது. இரண்டும் பிரன்ஸ்விக்கில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பின்மேல் சந்தித்துக்கொண்டன. இதை யாருக்கும் சொல்லக்கூடாது.

திங்கட்கிழமை போர்த்துக்கல்லில் என் ஊசியைக் குத்தினேன். மேசை என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதியிருந்தேன். விலாக்கைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. வாக்குக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன். ஆசிரியைக்கு என் சொல் மிகவும் பிடித்துவிட்டது. வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "வேறு யார் வீட்டிலாவது இந்தச் சொல் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இத்தாலியப் பிள்ளைகள் இல்லை என்றார்கள். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது எலெனியின் கை உயர்ந்திருந்தது. நடந்துபோய், கிரேக்கத்து மலையில் ஊசியைக் குத்தினாள்.

"விலாக்" என்றாள் சோஃபியா, பாதிச் சிரிப்போடு.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டார் ஆசிரியை.

"ஆட்டுக்காரர், மிஸ்."

ஆசிரியை கரும்பலகையில் விலாக் என்ற சொல்லை எழுதி, பக்கத்தில் வெல்ஷ் என்று தன் மக்களின் பெயரை எழுதினார். இரண்டும் ஒரே சொல்தானாம். பழைய ஜெர்மானியக் குழுக்கள் தங்கள் மொழி பேசாத அயலாரைக் கூப்பிட்ட பெயர், அந்நியர் என்று அர்த்தம். "நாங்கள் அங்கேயே இருந்தோம். பிறகு வந்தவர்கள் எங்களை அந்நியர் என்றார்கள்" என்றார். சோஃபியா சிரிப்பை நிறுத்தினாள். எலெனி என் பக்கம் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஜன்னலோரத்தில் போய் இருந்தாள். நான் வாய் திறக்கவில்லைதான், ஆனால் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது என் ஊசி.

போகப்போகிறவர்களுக்கு: மொத்தச் செலவு அறுபது சதம், இன்னும் இருபது கையில் வைத்திருங்கள். சனிக்கிழமை என்றால் ஒரு மணிக்கு முன் திரும்பிவிடுங்கள், பிறகு ட்ராமில் நிற்கவும் இடமிருக்காது. கையுறை அவசியம். யார் வீட்டிலாவது தெரிந்த சொல் ஒன்று காதில் விழுந்தால், எங்கள் வீட்டிலும் அதுதான் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். என்னால் முடியவில்லை.

இன்று வியாழக்கிழமை. மதிய இடைவேளையில் எலெனி தானாக வந்து பக்கத்தில் இருந்தாள். சோஃபியா சொல்லி, திங்கள் பின்னேரமே கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். அவளுடைய அப்பா இரண்டு நாள் வீட்டில் யாருடனும் கதைக்கவில்லை. நேற்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் ஏதோ கேட்டாராம். அவர் விலாக் பேச்சைப் பேசி எலெனி கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன கேட்டவர்?"

"உப்பை இஞ்சால தள்ளச் சொன்னவர்."

"அம்மா?"

"தள்ளினவ. பிறகு குசினிக்குள்ள போய்க் கனநேரம் நிண்டவ."