உதவி தேவையில்லை

நான் புறப்பட்ட செவ்வாய்க்கிழமை காலையில் என் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்தது சித்தி. அம்மாவின் தங்கை. வழியில் பையின் வார் இரண்டு முறை அவள் கையிலிருந்து நழுவியது.

"என்ன சித்தி, நான் போறது பைக்கே பிடிக்கல போல?"

"கையை மடிச்சு வெச்சுத் தூங்கிட்டேன்டி, மரத்துக் கிடக்கு. நீ ஏறு. கண்ட இடத்துல சுத்திட்டு ஒல்லிக்குச்சியா திரும்பி வராதே. அப்புறம் உனக்கு நரம்பு தேடறதே எனக்குப் பெரும்பாடா போயிடும்."

சிரித்துக்கொண்டே ஏறினேன். பேருந்து நகர்ந்தபோது இடது கையை ஆட்டி வழியனுப்பினாள். சித்தி வலதுகைக்காரி. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன்.

சித்திக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரத்தம் எடுப்பவள். இருபத்திரண்டு வருடங்களாக அங்கே அவளுக்குப் பெயர் 'கொசு'. குத்தியது தெரியாது, எழுந்து போன பிறகுதான் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. "கொசுவுக்குச் சம்பளம் கிடையாது, எனக்குக் கொடுக்கறாங்களே" என்பாள். வேறு இடங்களில் நாலைந்து குத்து வாங்கி, அழுது முகம் வீங்கிய குழந்தைகளைக் கடைசியில் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு இடது ஆள்காட்டி விரலால் முழங்கை மடிப்பைத் தடவுவாள். விரல் ஓரிடத்தில் நிற்கும். வலது கை ஊசியோடு அங்கே போகும். குழந்தை அழத் தயாராவதற்குள் பஞ்சை வைத்துவிடுவாள்.

அன்று என்னை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்து, சித்தப்பாவுக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு எட்டு மணிக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். மரத்த கைக்கு வேலை கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அவள் வைத்தியம். எட்டரைக்கு ஊசி கீழே விழுந்தது. புதிது எடுத்தாள், அதுவும் விழுந்தது. "கொசுவுக்குக் கொடுக்கு உடைஞ்சிடுச்சு" என்று சொல்ல வாயெடுத்திருக்கிறாள். பேச்சு குழறியது. மேலாளர் தன் காரிலேயே அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது; பக்கவாதம். தொடை வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்தி அதை இழுத்து எடுத்தார்கள். அதே நாள் முற்பகலில் அதே மருத்துவர் இன்னொருவருக்கும் அதே சிகிச்சை செய்தார். அவர் எங்கள் தெருக்கோடி பேக்கரிக்காரர். மாவு பிசையும்போது மனைவியின் கண்முன்னாலேயே சரிந்தவர். அவருக்கும் செயலிழந்தது வலது பக்கம்தான். அடுத்தடுத்த கட்டில்.

"ரெண்டு பேருக்கும் குழாய் முழுசா திறந்துடுச்சு. இந்தம்மாவுக்கு ஒரே இழுப்புல வந்துடுச்சு" என்றாராம் மருத்துவர். நான் அப்போது மூன்று எல்லைகள் தாண்டி எங்கேயோ இருந்தேன். 'சித்திக்குச் சரியாகிவிட்டது' என்று அம்மா எழுதினாள். நம்புவது வசதியாக இருந்தது. நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது சித்தி சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி இடது கையால் மூடியைத் திருகினாள். காய் நறுக்கும் பலகையில் அடித்திருந்த இரண்டு ஆணிகளில் உருளைக்கிழங்கைக் குத்தி வைத்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

"பாத்தியா உன் சித்தியை? ஒரு குறையும் இல்ல. எல்லாத்தையும் அவளே பாத்துக்கறா" என்றார் சித்தப்பா. பெருமையாகத்தான் சொன்னார். அந்த ஆணிகளை அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

பரிசோதனை நிலையத்தில் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒற்றைக் கையால் ஒட்டியதில் சீட்டெல்லாம் கோணல். எட்டாவது மாதம், "வீட்ல ரெஸ்ட் எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டார்கள்.

"இடது விரலுக்கு எல்லாமே ஞாபகம் இருக்குடி. நரம்பைக் காட்டிக் கொடுத்துடும். போய்க் குத்தறதுக்குத்தான் ஆளில்ல" என்று என் முழங்கை மடிப்பைத் தடவிக் காட்டினாள். விரல் சரியான இடத்தில் நின்றது. "திரும்பப் போயிடுவேன். கை வந்துட்டா போயிடுவேன்."

மறுநாள் ரொட்டி வாங்கப் போனேன். பேக்கரிக்காரர் இரண்டு கையாலும் மாவை அடித்துப் பிசைந்துகொண்டிருந்தார். எப்படி என்று கேட்டேன். அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தொண்ணூறாம் நாள் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. அவருக்கு உதவி தேவைப்படுதான்னாங்க. சட்டைப் பொத்தான்கூட நாந்தான் போட்டு விடறேன், சாப்பாடு பிசைஞ்சு வெக்கறேன்னு சொன்னேன். உடனே வாரம் மூணு நாள் கைப்பயிற்சி, ஆறு மாசம், இலவசமா எழுதிட்டாங்க."

"இப்போ பொத்தான் போட்டுக்கறாரா?"

"எங்கே? கல்யாணம் ஆன நாள்லேருந்து நாந்தானே போட்டு விடறேன்!"

"சும்மா இருடி" என்றார் பேக்கரிக்காரர் மாவிலிருந்து தலை தூக்காமல்.

சித்தப்பாவிடம் கேட்டேன். ஆமாம், அவருக்கும் அதே அழைப்பு வந்திருக்கிறது. அவரைப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பார்கள். நடக்கிறாளா? நடக்கிறாள். சமைக்கிறாளா? சமைக்கிறாள். துணி துவைக்கிறாளா? துவைக்கிறாள். உதவி வேண்டுமா? "எதுக்கு? எல்லாத்தையும் அவளே செய்யறா."

"நீ ஏன் சித்தி சொல்லல?"

"என்னை யாரு கேட்டா? போன் அவருக்கு வந்துச்சு. நான் உள்ளே பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன்."

"கேட்டதுக்குத்தானே பதில் சொன்னேன்" என்றார் சித்தப்பா. அன்று சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். மறுநாள் மறந்துவிட்டார்.

சித்தியை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அதே மருத்துவர். கோப்பைப் புரட்டினார். தொண்ணூறாம் நாள் பக்கத்தில் இரண்டே சொல்: உதவி தேவையில்லை.

"கட்டியை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எடுக்கறோம். மூணு மாசம் கழிச்சுப் பாத்தா ஆம்பளைங்க ஒரு படி மேலே நிக்கறாங்க. பொம்பளைங்களுக்கு வரும்போதே வயசு கூடியிருக்கு, சில பேர் லேட்டா வர்றாங்க. அதையெல்லாம் கழிச்சாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அது என்னன்னு எங்களுக்குச் சரியா பிடிபடல" என்றார்.

அந்த மிச்சத்தில் ஒரு கைப்பிடி எனக்குத் தெரியும் என்று சொல்லி, தொலைபேசிக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பயிற்சி அறைக்குச் சீட்டு எழுதினார்.

பயிற்சியாளர் சித்தியின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். விட்டதும் அவை திரும்ப மடிந்துகொண்டன. "முதல் ஆறு மாசத்துல வந்திருந்தா கை நல்லா சொன்ன பேச்சு கேட்டிருக்கும்மா. இப்பவும் பேர் எழுதிக்கறேன். வரிசை நீளம்."

"ஊசி பிடிக்க வருமா?" என்றாள் சித்தி.

பயிற்சியாளர் பதிவேட்டைத் திறந்து பெயரை எழுத ஆரம்பித்தாள். தொலைபேசி எண் கேட்டபோது சித்தப்பாவின் எண்ணைச் சொல்லப் போன சித்தியை நான் தடுத்தேன். அவள் எண்ணையே கொடுத்தோம்.

அடுத்த வாரம் சித்தி, வேலைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைக் கோட்டைக் கிழித்து அடுப்புத் துடைக்கும் துணியாக்கினாள். அதையும் ஒரு கையாலேயே, நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு.

நான் ஓரிடத்தில் தரிக்கிறவள் இல்லை. மறுபடி கிளம்பிவிட்டேன். இந்த முறை வழியனுப்ப அவள் வாசல்வரைதான் வந்தாள்.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு துறைமுகத்தில் படகுக்குக் காத்திருந்தபோது என் கைபேசியில் சித்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மேலே மருத்துவமனை அவளுக்கு அனுப்பியது: 'கைப்பயிற்சிக்கு இடம் காலியாகியுள்ளது. அன்றாட வேலைகளுக்கு உதவி தேவையில்லை எனில் 1, தேவை எனில் 2 அனுப்பவும்.'

அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்:

'ரெண்டு அனுப்பிட்டேன். உன் சித்தப்பா ஒண்ணுன்னாரு. ஊசி இனிமே இல்லைன்னு எனக்கே தெரியும். பொத்தானாவது போட வருதான்னு பாக்கறேன். இதை அடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு, பதில் சுருக்கமா போடு.'