செகண்ட் சிஸ்டர்

கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகும் வரை அழுத்திப் பிடித்து, சட்டென்று விடுகிறார். உதடு அசையாமல் எண்ணுகிறார். நகத்தில் மறுபடி சிவப்பு ஏறியதும், "ரெண்டு. சரி, காப்பியைக் குடிங்க" என்று கையைத் திருப்பிக் கொடுக்கிறார்.

கைக்குச் சொந்தக்காரர் அவருடைய கணவர், தச்சர். சுத்தியல் பட்டு நகம் கறுத்திருக்கும் நாளில் அடுத்த விரலைத் தானே நீட்டிவிடுவார். "கல்யாணமான புதுசுல ராத்திரியும் பகலும் கையைப் பிடிச்சா. அடடா, என்ன ஆசைன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளுகுளுன்னு இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, எண்ணிக்கிட்டு இருந்திருக்கா" என்பார். மகளோ நகப்பூச்சுப் போட்ட நாளில் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் முப்பத்தோரு வருடமாக நர்ஸ். எல்லோருக்கும் அவர் 'செகண்ட் சிஸ்டர்'. நொடிகளை எண்ணுவதால் வந்த பட்டப்பெயர். நோயாளிகளின் உறவினர்களுக்கு அது தெரியாது. "அப்ப ஃபர்ஸ்ட் சிஸ்டர் எங்கம்மா?" என்று கேட்பார்கள். "அவங்க லீவு" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டு மூன்று நொடிக்குள் நகம் சிவந்தால் ரத்தம் விரல்நுனிக் குழாய்கள் வரை போகிறது; அதற்கு மேல் ஆனால் போகவில்லை. குளிர்ந்த விரலில் கணக்குத் தப்பும். அதனால் முதலில் நோயாளியின் கையைத் தன் இரு உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடேற்றுவார். பார்ப்பவர்கள் பிரார்த்தனை என்று நினைத்துத் தாங்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள். பிறகு போர்வையை விலக்கி முழங்காலைப் பார்ப்பார், தோலில் ஊதா வலை படர்ந்திருக்கிறதா என்று. மானிட்டரில்தான் எல்லா எண்ணும் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று யாராவது கேட்டால் போதும். "மெயின் ரோட்டுல வண்டி ஓடுதுன்னு மானிட்டர் சொல்லும். சந்துக்குள்ள பால்காரன் வந்தானா, இல்லையா? அதை நகம்தான் சொல்லும்."

அவர் சேர்ந்த காலத்தில் அந்தப் பிரிவில் எட்டுக் கட்டில்கள், ஒரே ஒரு மானிட்டர். அதைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள். மற்ற ஏழு பேருக்கும் சுவர்க்கடிகாரம்தான் துணை. அதன் நொடிமுள் ஏழில் வந்து தயங்கி நின்று, பிறகு தாவும். அவர் சேர்ந்த அதே வாரம் ஒரு டாக்டரம்மாவும் வேலைக்குச் சேர்ந்தார். இருவருக்கும் எண்ணுவதில் தினமும் சண்டை.

"கடிகாரம் நின்ன நேரத்தையும் சேர்த்து எண்ணிட்டீங்க டாக்டர்மா."

"நீ எண்ணுற வேகத்துக்குச் செத்தவனுக்கும் ரெண்டு செகண்ட்தான் வரும்!"

ஒரு மதியம் டாக்டரம்மா, ஆய்வகத்தில் ஒதுக்கிப்போட்ட மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிஸ்டரின் நகக்கண் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பக்கத்திலிருந்து டார்ச் அடித்தார்கள். கொண்டை ஊசிகளை வரிசையாகச் செருகியது போல மெல்லிய ரத்தக்குழாய்கள். உள்ளே சிவப்பாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. "அய்யோ, நானா இது?" என்றார் சிஸ்டர். இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்ததில் சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கை வேலையை நிறுத்திவிடும். "இப்ப நாக்குக்கு அடியில வச்சு இதே ஓட்டத்தைக் காட்டுற பேனா கேமரா வந்துருச்சு. படம் கண்ணாடி மாதிரி தெரியுது. ஆனா அந்த மத்தியானம் மாதிரி வரல."

போன வருடம், ஓய்வு பெற்றிருந்த டாக்டரம்மாவைக் கடும் காய்ச்சலோடு அதே பிரிவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நோய்த்தொற்று ரத்தத்தில் கலந்திருந்தது. மருந்து ஏற்றியதும், இறங்கியிருந்த பிரஷர் ஏறியது. காலை பதினோரு மணிக்கு டியூட்டி டாக்டர், "நல்ல முன்னேற்றம்" என்று டாக்டரம்மாவின் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் டாக்டரம்மாவின் நகத்தை அழுத்தி விட்டார். ஆறு. தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று விரும்பினார். கையை நன்றாகச் சூடாக்கி, இன்னொரு விரலில் பார்த்தார். ஏழு.

"சார், உங்க நம்பர் எல்லாம் சரிதான். சந்து காலியா கெடக்கு."

"பிரஷர்தான் வந்தாச்சே சிஸ்டர். கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

"நீங்க பொறுங்க. நான் கேமராவை எடுத்துட்டு வரேன்."

டாக்டரம்மாவின் நாக்குக்கு அடியில் ஐந்து இடங்களில் வைத்துப் பார்த்தார். பத்துக் குழாயில் நாலில்தான் ஓட்டம். மற்றவற்றில் ரத்தம் தேங்கி நின்றது. சிலவற்றில் ரத்தமே இல்லை. கேமராவை எடுத்ததும் டாக்டரம்மா கரகரத்த குரலில், "திருப்பு, நான் பாக்கணும்" என்றார். வேறு எந்த நோயாளிக்கும் சிஸ்டர் காட்டியிருக்க மாட்டார். திரையைத் திருப்பினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நிக்குதே" என்றார்.

டியூட்டி டாக்டரும் பார்த்தார். தொற்று எங்கிருந்து வருகிறது என்று தேட, உடனே வயிற்றை ஸ்கேன் எடுக்க அனுப்பினார். சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து, அதற்குமேல் சீழ் கட்டியிருந்தது. அன்று மதியமே குழாய் போட்டு வடித்தார்கள். மறுநாள் நகம் ஐந்து சொன்னது. நான்காம் நாள் மூன்று. இடது சுண்டுவிரலின் நுனி மட்டும் கறுத்துப்போனது, திரும்பவில்லை.

அது சிஸ்டரை அரித்துக்கொண்டே இருந்தது. "அன்னைக்கு டியூட்டிக்கு வந்ததும் முதல்ல உங்களைப் பாக்காம நாலாம் நம்பர் கட்டிலுக்குப் போயிட்டேன் டாக்டர்மா."

"அங்க இருந்தவனும் மனுஷன்தானே? ஒரு நுனிதான் போச்சு, விடு. மூக்கு நுனியா போச்சு?"

சிஸ்டர் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்து, முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் டாக்டரம்மா புதுப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சிஸ்டர் திரையைக் கட்டிலருகே உருட்டி வந்தார். எல்லாக் குழாயிலும் ஓட்டம் இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டரைக் கண்டு டாக்டரம்மா, போர்வையைச் சுருட்டிக்கொண்டு, இடம் விட்டுக் கட்டிலின் ஓரத்துக்கு மெதுவாக நகர்ந்தார். நோயாளியின் படுக்கையில் நர்ஸ் உட்காரக் கூடாது. முப்பத்தோரு வருடத்தில் அவர் உட்கார்ந்ததும் இல்லை. சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி, ஏறி உட்கார்ந்தார்.