கணவரின் கைபேசிக்குப் போன மருந்துத் துண்டு

போன வருடம், மாரி மழை தொடங்குகிற நேரம். திருகோணமலை டவுனில் நான் வழக்கமாகக் காட்டும் டொக்டரிடம் அன்றும் போயிருந்தேன். வழக்கமாக என்று எழுதுகிறேனே தவிர, நான் அங்கே போய்வருவது லிங்கநகரில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் என்றால் நானும் கணவரும்தான். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள்.

எனக்கு மனச்சோர்வு. காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. காலையில் எழும்பினால் அழுகை வரும், சோறு இறங்காது, நித்திரையும் இல்லை. டொக்டர் தந்த குளிசைகளால்தான் மெல்ல மெல்ல மனுஷியாக நடமாடத் தொடங்கியிருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் இந்தக் குளிசை குடிக்கிறவர்களுக்கு ஒரே பெயர்தான், விசர், பைத்தியம். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? கணவர் என்ன நினைப்பாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது. குளிசைகளைக் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

டொக்டரின் கையெழுத்தும் எனக்கு ஒரு காவல். மருந்து எழுதித் தரும் துண்டு கைப்பையில் கிடந்து யார் எடுத்துப் பார்த்தாலும், பார்மசிக்காரரைத் தவிர ஒருவருக்கும் விளங்காது. அன்று போனால் துண்டெழுதும் புத்தகத்தைக் காணவில்லை, மேசையில் கணினி இருந்தது. இனி மருந்து விவரம் மெசேஜாக வரும், அதைப் பார்மசியில் காட்டினால் போதும் என்றார் டொக்டர். வாசலில் பதிவு செய்யும் பிள்ளை போன் நம்பர் கேட்டாள். யோசிக்காமல் சொல்லிவிட்டு வந்தேன்.

பார்மசியில் நின்று போனைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. திரும்ப ஓடிப்போய்க் கேட்டபோது அந்தப் பிள்ளை நம்பரை வாசித்துக் காட்டினாள். அது கணவரின் நம்பர். காஸ் கடை, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எங்கே கேட்டாலும் இத்தனை வருடமும் அவருடைய நம்பரைத்தான் கொடுத்துப் பழக்கம். என் நம்பர் எனக்கு மனப்பாடமே இல்லை. நமக்கு நாமே கோல் எடுக்கிறோமா என்ன?

"போனதைத் திருப்பி எடுக்க ஏலாது அன்ரி," என்றாள் அவள், பாவமாக.

கணவருக்குத் துறைமுகப் பக்கம் படகு திருத்தும் வேலை. மத்தியானம் சாப்பிடும்போதுதான் போனை எடுத்துப் பார்ப்பார். ஓட்டோவில் வீடு வரும் வழியெல்லாம் நான் பொய் தேடினேன். யாருடைய மருந்தோ பெயர் மாறி வந்திருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

கத்துவார் என்று நான் பயப்படவில்லை. கத்துவதைத்தான் அவர் கொஞ்ச மாதமாக விட்டுவிட்டாரே. முன்பெல்லாம் கறியில் உப்புக் கூடினால் வீடு இரண்டுபடும். இப்போது எதை வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவார். சண்டை பிடிக்கக்கூட நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று எண்ணி எண்ணி இன்னும் சோர்ந்து போயிருந்தேன். இந்தக் குளிசை விஷயமும் தெரிந்தால் மிச்சமிருக்கும் உறவும் முறிந்துவிடும் என்றே நம்பினேன்.

பின்னேரம் கையில் பார்மசிப் பையோடு வந்தார். நான் சோடித்து வைத்திருந்த பொய்யைச் சொல்ல முதலே, பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தவர், முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் குப்பை எரிப்பது அவருடைய வேலை. மாதக்கணக்காகக் குப்பைக்குள் குளிசையின் வெற்று அட்டைகளைக் கண்டிருக்கிறார்.

"புற்றுநோயெண்டு நினைச்சனான்," என்றார். "கேட்டால் நீர் ஓம் எண்டு சொல்லிப்போடுவீர் எண்ட பயத்தில கேக்கேல்லை."

அட்டையைக் கொண்டுபோய் யாரிடமும் விசாரிக்கவும் துணிவு வரவில்லையாம். அன்றைக்கு மெசேஜே தேடி வந்ததால், இனித் தப்ப முடியாது என்று பார்மசிக்குப் போயிருக்கிறார். மனச்சோர்வுக்கான மருந்து என்று அங்கே சொன்ன பிறகுதான் மூச்சே வந்ததாம். நான் இத்தனை காலம் பயந்த விசர்க் கதை அவருடைய தலையில் ஏறவே இல்லை. தண்ணீர் எடுத்து வந்து தந்து, நேரத்துக்குக் குடியும் என்றார்.

இப்போது குளிசையை அவருக்கு முன்னால்தான் குடிக்கிறேன். அளவையும் டொக்டர் குறைத்திருக்கிறார். அவர் வாய் பேசாமல் சாப்பிட்டு எழும்பியது ஏன் என்பதும் விளங்கிவிட்டது. ஒரே மேசையில் சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டே, அந்த மனிதரை அத்தனை மாதம் என் சாவுக்காகத் தனியாகத் துக்கப்பட விட்டுவிட்டேனே என்பதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.