நாலு ஐஸ் பாட்டிலும் ஒரு டீ கிளாஸும்

மதுரையில் ஒரு மீனுக்கு ஆபத்து வந்தால் அது சூட்டால்தான் வரும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். குளிர் என்பது கொடைக்கானலில் இருக்கும் ஒரு பொருள், அது நம்ம ஊருக்கு இறங்கி வராது என்பது என் கட்சி. போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரே காலையில் அந்தக் கட்சி டெபாசிட் இழந்தது.

எங்கள் வீட்டு ஹாலில் நாலடி நீளத்துக்குக் கடல் நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே பவளங்கள், கூடவே வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு. எல்லாம் என் மகளுடையவை. பதினொன்றாம் வகுப்பிலிருந்து வளர்த்தவள், சென்னைக்குப் படிக்கப் போகும்போது அவற்றை என்னிடம் ஒப்படைத்தாள். தண்ணீர் எப்போதும் இருபத்தாறு டிகிரியில் இருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு ஹீட்டர். ஹீட்டரை மேய்க்க ஒரு கண்ட்ரோலர். அதன் வயர் நுனியில் உள்ள சென்சார் தண்ணீரில் கிடக்கும். சூடு குறைந்தால் கண்ட்ரோலர் ஹீட்டரைப் போடும், கூடினால் அணைக்கும்.

“மதுரைக்கு ஹீட்டரா தாயி? வெளிய சொன்னா சிரிப்பாங்க” என்றேன்.

“அப்பா, நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்ப்பா. அதுவே பாத்துக்கிரும்.”

என்னைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அந்த டிசம்பர் காலைக்கு மறுநாள், கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் ரயிலில் வருகிறாள். நான் ஹாலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால் கண்ட்ரோலரில் சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்று. மீன்கள் இரண்டும் அடியில் ஒரு மூலையில் அசையாமல் ஒண்டியிருந்தன. பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. எனக்கு வேர்த்துவிட்டது. மார்கழிக் காலையில் அந்தத் தெருவிலேயே வேர்த்தது நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

கண்ட்ரோலர் ஹீட்டரை அணைக்காமல் விட்டுவிட்டது, மீன் வேகிறது என்று உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஹீட்டரில் இருக்கும் குட்டி விளக்கு எரியவில்லை என்பதும் கண்ணில் பட்டது. சரி, அந்த விளக்கும் பியூஸ் போச்சு என்று அதற்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதினேன்.

தண்ணீரில் கையை விட்டேன். கொதிக்கிற மாதிரிதான் இருந்தது. கண் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும் கை எனக்கு.

அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி நான் போட்ட சத்தம் கேட்டு வந்தாள். அவளும் கையை விட்டுப் பார்த்தாள்.

“சில்லுன்னுதானங்க இருக்கு?”

“நீ அடுப்படியிலருந்து வார. கைச் சூட்டுக்கு அப்படித்தான் தெரியும். இதெல்லாம் சயின்ஸ்.”

“அப்ப சயின்ஸே முறுக்கையும் சுடட்டும்” என்று போய்விட்டாள்.

ஃப்ரீசரில் இருந்த நாலு ஐஸ் பாட்டில்களைத் தொட்டிக்குள் இறக்கினேன். டேபிள் ஃபேனைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஹீட்டரைப் பிடுங்கிப் போட்டேன். கண்ட்ரோலரைக் கழற்றி, சென்சாரோடு மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு பழங்காநத்தத்தில் இருக்கும் எலக்ட்ரிக்கல் கடைக்கு வண்டியை விரட்டினேன். ஊரிலேயே நம்பகமான கண்ட்ரோலர் வேண்டும், அதுவும் இப்போதே வேண்டும்.

கடையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். என் வயதுதான். கொட்டாம்பட்டிப் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் தொழில் செய்கிறவர். கவுண்டர் மேல் மூன்று கண்ட்ரோலர்களை வரிசையாக வைத்து கரண்ட் கொடுத்திருந்தார். எதிரே ஒரு டீ கிளாஸ். அதில் டீ இல்லை, பக்கத்து டீக்கடையில் வாங்கிய வெந்நீரும் குழாய்த் தண்ணீரும் கலந்து வைத்திருந்தார். மூன்று சென்சார்களும் அதில் முங்கிக் கிடந்தன. கூடவே காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்றும்.

“அண்ணே, யாருக்குக் காய்ச்சல்?” என்றேன். உயிர் போகிற அவசரத்திலும் வாய் சும்மா இருக்காது.

“கண்ட்ரோலருக்குத்தான்ணே. ஒரு டிகிரி தப்பாக் காட்டுச்சுன்னா எனக்கு முந்நூறு முட்ட கூமுட்ட ஆயிரும். இம்புட்டு லைட்டு மினுக்குதே இந்தப் பெட்டி, இது ரெண்டு டிகிரி பொய் சொல்லுது பாருங்க.”

மினுக்கிய பெட்டி நாற்பது என்றது. தெர்மாமீட்டரில் முப்பத்தெட்டு. மூலையில் அலங்காரமே இல்லாமல் கிடந்த கறுப்புப் பெட்டி முப்பத்தெட்டைச் சரியாகக் காட்டியது. அவர் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் அந்த மினுக்குப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

என் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பையில இருக்கிறதக் குடுங்க, அதையும் போட்டுப் பாப்போம்” என்றார்.

என் பெட்டிக்கும் கரண்ட் கொடுத்து அதன் சென்சாரைக் கிளாஸில் போட்டார். சிவப்பு எண் ஏறியது. நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்தில் நின்றது.

“ஏழு கூடக் காட்டுதுண்ணே. இந்தா, ரப்பர் வெடிச்சிருக்கு. உப்புத்தண்ணி உள்ள போயிருக்கும். இது சூட்டக் கூடக் காட்டிக்காட்டி, ஹீட்டரப் போடாமலே விட்டிருக்கு.”

முப்பத்தொன்றில் ஏழு போனால் இருபத்து நாலு. மனக்கணக்கில் நான் அவ்வளவு வேகமாக எப்போதும் விடை கண்டதில்லை. மீன்கள் வேகவில்லை. குளிரில்தான் ஒண்டியிருக்கின்றன.

“வீட்ல ஒண்ணும் செய்யலயில்லண்ணே?”

“ஐஸ் பாட்டில் போட்டு வச்சிருக்கேன்.”

“எத்தன?”

“நாலு. ஃபேனும் ஓடுது.”

அவர் சிரிக்கவில்லை. கடைக்காரர் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

மனைவிக்கு போன் போட்டேன். “ஏம்மா, அந்த ஐஸ் பாட்டில ஒடனே வெளிய எடு, எடு” என்று கத்தினேன். கடை வாசலில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“எதுக்குக் கத்துறீங்க? நீங்க தெரு முக்குத் திரும்பறதுக்குள்ள எடுத்துட்டேன். ஃபேனையும் நிறுத்தியாச்சு. கை நடுங்குற அளவுக்கு இருந்துச்சு, பாவம்.”

அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்புப் பெட்டி மாதிரியே இன்னொன்றையும் எடுத்துச் சோதித்து இரண்டையும் என் பையில் போட்டார் அந்தக் கோழிக்காரர். “ரெண்டையும் சேத்து மாட்டுங்கண்ணே. ஒண்ணு பொய் சொன்னாலும் இன்னொண்ணு காட்டிக்குடுத்துரும். மாசம் ஒருக்கா கிளாஸ்ல போட்டுப் பாருங்க. போனதும் படக்குன்னு சூட ஏத்திராதீங்க, மெதுவா ஏத்துங்க.” எனக்காகத் தன் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் வேறு இரண்டு கேட்டு, மறுபடியும் வெந்நீர் வாங்கப் போனார். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டில் புதுச் சென்சாரைத் தொட்டியில் போட்டபோது இருபத்து மூன்று காட்டியது. மாலைவரை நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்தைத் தாண்டியதும் ஒரு மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. குடில் பாதியில் நின்றது, மாட்டுக்கு அந்த வருஷம் இடமே கிடைக்கவில்லை.

காலையில் மகள் வந்து பையை இறக்குவதற்குள் என் மனைவி முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். மகள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஒண்ணும் செய்யாம இருங்கன்னுதானப்பா சொன்னேன்” என்று மட்டும் கேட்டாள். மீன்கள் இரண்டும் அவள் விரலைத் தேடிக் கண்ணாடிக்கு வந்தன.

இப்போது மாதம் ஒருமுறை சென்சார்களை டீ கிளாஸில் போட்டுப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலை ஞாபகம் வரும், கண்டதும் பதறுகிற கை கொஞ்சம் நிதானிக்கும். அன்று அந்தத் தண்ணீர் ஒரு நிமிடம்கூடச் சூடாகவே இல்லை. என் மனைவி கையை விட்டுப் பார்த்துச் சொன்னதுதான் சரி.