ஷோகேஸில் ஒற்றை ஷூ

கோபியில் எங்கள் வீட்டு ஷோகேஸில், வாழை விளைச்சலுக்காக அப்பா பரிசாக வாங்கிய கேடயத்துக்குப் பக்கத்தில், ஒற்றை ஷூ இருக்கிறது. கறுப்பு, வலது கால், பக்கவாட்டில் கத்தரியால் நறுக்கியது. அதை முறைத்துப் பார்க்காமல் எங்கள் வீட்டில் காபி குடித்த விருந்தாளி கிடையாது. வைத்தவள் அக்கா. எடுத்து எறியச் சொன்னவர் அப்பா. நான் அக்கா கட்சி.

அக்கா விமானப் பணிப்பெண். நான் அப்போது கோவை விமான நிலையத்தை ஒட்டிய பீளமேட்டில் விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் இறங்குவது எந்த ரக விமானம் என்று சத்தத்தை வைத்தே பந்தயம் கட்டுகிற ஆள். ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையில் இறங்கும் விமானங்களை எப்படி உலுக்கும் என்று கேட்டால் விடிய விடியப் பேசுவேன். அந்தக் காற்று என் அக்காவையே தூக்கி அடிக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை.

சென்னையிலிருந்து வந்த காலை விமானம் அது. இறங்கத் தொடங்கி, பணிப்பெண்களும் பயணிகளைப் பார்த்தபடி இருக்கும் தங்கள் மடக்கு இருக்கைகளில் பெல்ட் மாட்டி உட்கார்ந்தாயிற்று. ஜன்னலில் தென்னந்தோப்பு தெரிந்ததும் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பையை எடுக்க எழுந்துவிட்டார். நம் ஆட்களின் பழக்கம்தான். இறங்குகிற ஸ்டாப்புக்கு ரொம்ப முன்பே பஸ் படிக்கட்டில் போய் நிற்கிற ஜனம். இப்படி யாராவது எழுந்தால் இருந்த இடத்திலிருந்தே கத்தி உட்கார வைக்க வேண்டும், எழுந்து போகவே கூடாது என்பதுதான் பயிற்சியில் சொல்லித்தந்தது. ஆனால் அப்பா வயதுக்காரரை ஊர் கேட்கக் கத்த அக்காவுக்கு வாய் வரவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போனாள். “உக்காருங்கய்யா” என்று மெல்லச் சொல்லி, உட்கார வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டாள். நிமிர்வதற்குள் விமானம் பள்ளத்தில் விழுந்தது போல இறங்கியது. பெரியவருக்கு ஒரு கீறல் இல்லை. அக்கா கூரையில் மோதி விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. வீங்கிய காலிலிருந்து கழற்ற முடியாமல் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்ததுதான் அந்த ஷூ.

ஆரஞ்சுப் பழத்தோடு வந்த சொந்தங்களில் மாமாதான் முதலில் ஆரம்பித்தார். “பொட்டப் புள்ளைக்கு ஆகாசத்துல என்ன அம்மணி வேல? காலொடிஞ்ச புள்ளைய இனி எவன் கட்டுவான்?”

“டாக்டரு கட்டிப்போட்டாருங்க மாமா, இப்போதைக்கு அது போதும். நீங்க மொபட்ல உழுந்து கையொடிச்சீங்களே, மொபட்ட வித்துப்போட்டீங்களா?”

அக்கா கேட்டதற்கு நர்ஸ் வரை சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “இனிப் போக வேண்டாங் கண்ணு” என்றார். அவர் சொல்லி அக்கா மீறியதே இல்லை. கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: “கால் பழையபடி ஆகலீன்னா நீங்க சொல்றதுதானுங்கப்பா. ஆச்சுன்னா நான் போவேன்.”

ஆனது. ஆகாமல் இருக்க அவள் விட்டால்தானே! மாடிப்படியைப் பல்லைக் கடித்து ஏறி இறங்கினாள். கம்பெனி நீட்டிய மேசை வேலையை வேண்டாம் என்றாள். உடல்தகுதிச் சோதனையில் தேறி, கிளம்பும் நாளில் ஷூவை ஷோகேஸில் வைத்தாள். “எந்திரிச்சுப் போனதுதான் தப்பு. பறந்தது தப்பில்ல” என்று அப்பாவுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள். அப்பா அவளோடு போனில் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

போன ஆடியில், சென்னையில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அவள் பணியில் இருந்த விமானமாகப் பார்த்து நான்தான் டிக்கெட் போட்டேன். அப்பாவுக்கு முதல் விமானப் பயணம். இறங்கும்போது ஆட ஆரம்பித்தது. தென்னந்தோப்பு தெரிந்ததும், நான் பிடிப்பதற்குள், அப்பா பெல்ட்டைக் கழற்றிப் பைக்காக எழுந்துவிட்டார்.

“உக்காருங்க. பெல்ட்ட மாட்டுங்க.”

கடைசி வரிசை வரை கேட்டது. முன்னால் தன் இருக்கையில், பட்டைகள் இறுக, அக்கா. அப்பா என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. இன்னொரு முறையும் அதே குரலில் கத்தினாள். அப்பா பொத்தென்று உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். அடுத்த நொடி விமானம் விழுந்து எழுந்தது.

“பெரியவங்கன்னு ஒரு மரியாத வேண்டாமுங்களா? இப்படியா அதட்டறது?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதட்டட்டுமுங்க. எம்பட புள்ளைங்க அது.”

மறுவாரம் மாமா வந்திருந்தார். காபி டம்ளரோடு ஷோகேஸை முறைத்துவிட்டு, “இந்தப் பிஞ்ச செருப்ப இன்னும் தூக்கிப் போடலீங்களா?” என்றார். வழக்கமாக அம்மா பேச்சை மாற்றுவாள். அன்று அப்பா முந்திக்கொண்டார்.

“அது கெடக்கட்டும். ஏனுங்க மச்சான், உங்க மொபட் இன்னும் ஓடுதுங்களா?”